வேலாத்தாளின் முறைத் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். முட்டியோடு முட்டி இடித்தாலும் பரவாயில்லை. இப்படிக் கிட்ட உட்காருங்கள் என்று யாரும் யாரையும் கூப்பிட முடியாமல் இருந்த காலத்துக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சந்தை மூடி, பஸ் நின்று, சாமிக்கே பூட்டுப் போட்டு, எதிரில் ஆள் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஒதுங்கி நின்றோமே, அந்தக் காலம். ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் ஒரு கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பி வீடுகள். தம்பி பெண்டாட்டி ருக்குமணி, அண்ணன் பெண்டாட்டி வேலாத்தாள். நடுவில் கிளுவை வேலி. சொத்தைப் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியாதே. அதனால் மோட்டார் பொது, ஒரு நாள் இவள் முறை, மறுநாள் அவள் முறை என்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி வைத்தது. அன்றைக்கு வேலாத்தாள் முறை.

கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ரூம் சுவரில் ஒரு குண்டு பல்பு தொங்கும், அது எரிந்தால் மோட்டார் ஓடுகிற கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கத்தரிப் பாத்திக்குள் குத்த வைத்துப் புழு விழுந்த காயைத் திருகிக் கொண்டிருந்த ருக்குமணி அந்தப் பல்பைப் பார்த்தாள், கையிலிருந்த காயைப் பார்த்தாள், மறுபடியும் பல்பைப் பார்த்தாள். பல்பு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை. அதெப்படி? பல்பு எரிந்து கண் சிமிட்டுவதற்குள் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்குமே. இடது கால் செருப்பு மட்டும் தரையில் இழுபடும், வலது கால் கேட்காது, அப்படி ஒரு நடை வேலாத்தாளுக்கு. வந்து பட்டனை அழுத்துவாள், அழுத்தும்போதே ஒரு தடவை கனைப்பாள், ‘இது என் முறை’ என்று கிணற்றுக்குச் சொல்வது மாதிரி. கனைப்பும் இல்லை, செருப்பும் இல்லை. இல்லாட்டி போகட்டும், எனக்கென்ன, தண்ணீர் கிணற்றிலேயே கிடந்தால் நாளைக்கு என் முறைக்கு ஏறி நிற்கும், இன்னும் ரெண்டு பாத்தி கூடப் பாயும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த காயைத் திருகினாள். நல்ல காய். புழுவே இல்லை. அதையும் திருகிவிட்டோமே என்று அந்தக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதா மினுமினுப்பில் அவள் முகம் குட்டியாக, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இந்த மூக்கு வழியாகத்தானே போகிறதாம் அது. கண்ணுக்குத் தெரியாதாம், காற்றில் நிற்குமாம். காற்று என்றால் எந்தக் காற்று? அவளுடைய பீர்க்கன் பந்தலை ஆட்டிவிட்டு வேலியைத் தாண்டி இங்கே வந்து என் கத்தரி இலையைத் திருப்பிப் போடுகிறதே, இந்தக் காற்றுமா? அதோ அந்தக் கருவண்டு. அங்கே மஞ்சள் பூவில் முகத்தைப் புதைத்து எழுந்து, உடம்பெல்லாம் பொடியோடு இங்கே வந்து என் பூவில் உட்காருகிறது. அதை யாரும் தடுப்பதில்லை. அதற்கு முகமூடி இல்லை. அது இந்த வீடு அந்த வீடு என்று பார்ப்பதில்லை, அதற்கு எதுவும் வருவதுமில்லை. மனுசனுக்கு மட்டும் ஏன் வருகிறது? மனுசன் பேசுகிறான், அதனால் வருகிறது என்று வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வருகிற எஸ்தர் நர்ஸ் சொன்னாள். பேசும்போது தெறிக்கிற எச்சிலில் இருக்கிறதாம். அப்படிப் பார்த்தால் பேச்சே இல்லாத எங்களுக்குள் எப்படி வரும்? அவள் எனக்குத் தரமாட்டாள், நான் அவளுக்குத் தரமாட்டேன். ருக்குமணிக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. வேலாத்தாளுக்கு வேறு யாராவது தந்திருந்தால்?

பேச்சே இல்லை என்று சொன்னேனே தவிர, பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு அவர்கள் பேசுகிற அளவு ஒற்றுமையாய் இருக்கிற ஓரகத்திகள்கூடப் பேச மாட்டார்கள். வேலாத்தாளுக்கு ஒரு வெள்ளாடு, ருக்குமணிக்கு ஒரு கோழி. வேலாத்தாள் ஆட்டைப் பார்த்துத் திட்டுவாள், அது ருக்குமணிக்கு. ருக்குமணி கோழியைப் பார்த்துப் பதில் சொல்வாள், அது வேலாத்தாளுக்கு. “ஏ ஆடே, அடுத்தவ வேலியில வாய வெக்காத, அவ எண்ணத்துக்கு உனக்குப் புல்லு சீரணமாகாது” என்று அங்கே கேட்டால், “ஏ கோழி, நீ நம்ம குப்பைய மட்டும் கிண்டு, அந்தப் பக்கம் குப்பையில ஒன்னும் தேறாது” என்று இங்கே கேட்கும். ஆடும் கோழியும் பாவம், ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டும். வேலாத்தாள் திட்டுக்கு ஒரு பெருமை உண்டு. கிணற்று மேட்டில் ஆரம்பித்தால் வாசற்படி ஏறுகிற வரைக்கும் மூச்சு வாங்க மாட்டாள். ஆட்டின் தாய் தகப்பனைத் தொட்டு, அதை விற்ற வியாபாரியைத் தொட்டு, ருக்குமணியின் பிறந்த வீட்டுச் சீர்வரிசைக்கு வந்து, அங்கிருந்து கத்தரிக்காய்ச் சொத்தைக்கு வந்து, கதவைச் சாத்துகிற சத்தத்தோடு முடிப்பாள். எல்லாம் ஒரே இழுப்பில். கேட்கிறபோது ருக்குமணிக்குக் காது எரியும், ஆனால் உள்ளுக்குள் ஒரு வியப்பும் இருக்கும், இவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று. ஒரு தடவை அதைக் கண்டுபிடிக்கவே வேலிக்குப் பக்கத்தில் போய்க் கவனித்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது கொஞ்ச நாளாக ஆட்டோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வகைத் திட்டு என்றுதான் ருக்குமணி எடுத்துக்கொண்டாள். ஓகோ, அப்படியா, இவ்வளவு நாள் வாயால் அடித்தாள், இப்போது வாயை மூடி அடிக்கிறாள், நான் மட்டும் சளைத்தவளா என்று இவளும் கோழியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் பார்க்கலாம் என்று இருவருக்கும் போட்டி நடப்பதாக நினைத்து, தோற்றுவிடக் கூடாதே என்று, கால் விரலில் மண்வெட்டி பட்டபோதுகூட ‘ஆ’ என்று கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது எரிகிற அந்தப் பல்பைப் பார்க்கும்போதுதான் முதல் தடவையாக ஒன்று தைத்தது. போட்டி போடுகிறவள் முறைத் தண்ணீரை விடுவாளா? விட மாட்டாள். இடி விழுந்தாலும் விட மாட்டாள். மழை பெய்கிற நாளில்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து மோட்டார் போடுவாளே, தேவைக்கு இல்லை, உரிமைக்கு.

அந்தப் பேச்சு எந்த நாளில் நின்றது என்று யோசித்தாள். யோசனை ஓர் இடத்துக்கு வந்ததும் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றது. அன்றைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. வறட்டு இருமல், அடுப்பில் பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டால் வருகிற மாதிரி. ருக்குமணி தானே கோழியைக் கூப்பிட்டு, “ஏ கோழி, அந்தப் பக்கம் போகாத, இருமறவீங்களக் கண்டா இப்ப ஊருக்கே சொல்லோணும், தகரம் வெச்சு அடைச்சுப் போடுவாங்க” என்றாள். ஒரு நையாண்டிக்குச் சொன்னது. அதற்குப் பிறகு இருமலே கேட்கவில்லை. ‘பார்த்தாயா, நான் சொன்னதும் இருமல்கூட நின்றுவிட்டது’ என்று அன்றைக்கு ஒரு பெருமைகூட வந்தது. இருமல் எங்கேயாவது சொன்னதும் நிற்குமா? அடக்கியிருக்கிறாள். தலையணையில் முகத்தை அமுக்கி, சேலைத் துணியை வாயில் திணித்து, நான் கேட்டுவிடக் கூடாதே என்று அடக்கியிருக்கிறாள். ருக்குமணிக்குத் தன் தொண்டையிலேயே ஏதோ அடைத்த மாதிரி இருந்தது, உடனே பயம் வந்தது, இது வருத்தமா, இல்லை எனக்கும் வந்துவிட்டதா என்று. மூச்சை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனது. கத்தரி இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். வாசனை இருந்தது. பக்கத்துப் பாத்தியில் துளசி, அதற்கடுத்து கறிவேப்பிலை, ஒவ்வொன்றாகக் கசக்கி மோந்துகொண்டே போய் கோழி எச்சம் கிடந்த குப்பைக்குழி வரைக்கும் வந்துவிட்டாள். எல்லாம் மணத்தது, நாற வேண்டியது நன்றாகவே நாறியது. நாற்றம் இவ்வளவு சந்தோசத்தைத் தரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சந்தோசத்தோடு நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளாடு. கட்டுத்தறியில் கயிறு சுற்றிச் சுற்றிக் குறுகி, தலையைத் தூக்க முடியாமல் நின்று, இவளைப் பார்த்து ‘மே’ என்றது. நேற்றும் இப்படித்தான் கத்தியது. நேற்று இவள் ஓர் அகத்திக் கிளையை ஒடித்து வேலிக்கு மேலாக வீசினாள். ஆட்டுக்குத்தானே போட்டேன், அவளுக்கா போட்டேன் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஆட்டுக் கயிற்றை அவிழ்த்து மாற்றிக் கட்டாத வேலாத்தாளை அவள் பார்த்ததே இல்லை.

வாசலுக்கு வந்தாள். அவள் புருசன் துரைசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்கிற கணக்கு. அதைக் காலையில் பார்க்காவிட்டால் அவனுக்கு டீ இறங்காது.

“ஏனுங்க, அக்கா மோட்டார் போடுலீங்க.”

“போடாட்டி உனக்கென்ன? தண்ணி மிச்சம்.”

“சத்தமே இல்லீங்க.”

“சத்தம் போட்டாலும் குத்தம், போடாட்டியும் குத்தமா? அந்தம்மா என்னதான் பண்ணோனுங்கற?”

“உங்கண்ணனுக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்களே. லாரில மஞ்ச லோடு கொண்டுட்டுப் போனவரு இன்னும் வரலியே.”

“அவன எங்கியோ பார்டர்ல ஒரு பள்ளிக்கூடத்துல உக்கார வெச்சிருக்காங்களாமா. அவன் எனக்குப் பேசுனானா, நான் அவனுக்குப் பேச?”

“அப்ப நாம்போயி எட்டிப் பாத்துட்டு வரட்டுங்களா?”

துரைசாமி போனிலிருந்து தலையைத் தூக்கினான். “போ. பாரு. பாத்துட்டு அப்படியே அங்கயே இருந்துக்க. சோத்த வேலி மேல வெக்கறேன்.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவனுக்கும் பயம். ருக்குமணிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பயம் எல்லோர் வீட்டிலும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்ட காலம் அது.

மறுபடியும் பாத்திக்கே வந்தாள். உட்காரத் தோன்றவில்லை. எஸ்தர் நர்ஸ் நேற்றைக்கு முந்தின நாள்தான் வந்து போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் சன்னலோரம் நின்று, “காய்ச்சல் இருக்குங்களா, மேலு வலி இருக்குங்களா” என்று கேட்டது இங்கே கேட்டது. உள்ளேயிருந்து வேலாத்தாள், “இல்ல” என்றாள். அப்புறம் “ஒன்னுமில்ல” என்றாள். அப்புறம் “போங்க” என்றாள். அவ்வளவுதான். நர்ஸும் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அது ருக்குமணியின் காதில் பொருந்தவில்லை. ‘சௌக்கியமா’ என்று கேட்டால் முழங்கால் வலியில் ஆரம்பித்து மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி வரைக்கும் போகிற வாய், ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை என்று துண்டு போட்டுக் கொடுத்தது ஏன்? இந்தப் பக்கம் வந்தபோது அதே நர்ஸ் இவளிடம் சொன்னாளே, “அக்கா, காய்ச்சலு வந்தா பயப்படாதீங்க. ஒரு பேச்ச ஒரே மூச்சில பேசி முடிக்க முடியுதான்னு மட்டும் பாத்துக்குங்க. நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா அப்பப் பயப்படுங்க, அந்த நிமிசமே எனக்குப் போன் போடுங்க.” அந்தப் பேச்சு இப்போது பாத்தியில் ஒரு பக்கம் கிடந்தது, அந்த மூன்று துண்டு வார்த்தைகள் இன்னொரு பக்கம் கிடந்தன, ருக்குமணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். துண்டு வார்த்தைக்கு மூச்சு எதற்கு? ‘போங்க’ என்று சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? நர்ஸை ஏமாற்றியிருக்கிறாள். கெட்டிக்காரி. ஏமாற்றி என்ன சாதித்தாள், தனியாகக் கிடந்து.

சரி, போனைப் போட்டுப் பார்ப்போம். பேசத்தானே கூடாது, மணி அடிக்கக் கூடாது என்று யார் சொன்னது? மகன் எப்போதோ பெரியம்மா என்று போட்டு வைத்த நம்பர் இருந்தது. அமுக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் முருகன் பாட்டு அடித்தது. அடித்தது, அடித்தது, நடுவில் படக்கென்று நின்றது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான். அப்பாடா, நிறுத்தக் கை இருக்கிறது. கை இருக்கிறது, பேச மூச்சு இருக்கிறதா? அதை எப்படிப் பார்ப்பது? இப்போதே நர்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றால்? ஒரு காய்ச்சல்காரியைப் பொறாமையில் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் சொல்லும். அது போகட்டும். வேலாத்தாளின் தம்பியை இப்படித்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடந்துபோய் ஏறியவன். பிளாஸ்டிக்கில் சுற்றித் திரும்பி வந்தான், வீட்டுக்குக்கூட வரவில்லை, நேராகச் சுடுகாட்டுக்கு. முகத்தைக் காட்டவில்லை. அக்காவென்று வேலாத்தாள் போய்த் தலைமாட்டில் நின்று அழக்கூட விடவில்லை. அன்றைக்குப் பொழுது சாய ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “செத்தா என்ற வூட்டுலதான் சாவேன்டா, எம்மொகத்த நாலு பேரு பாக்கோணும், நீ யாருகிட்டயும் சொல்லீராத” என்று அவள் சொன்னது இங்கே கேட்டது. அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சு இவளுக்குச் சொன்னதில்லை, உண்மையாகவே ஆட்டுக்குச் சொன்னது. காதை மூடிக்கொள்ள நினைத்தும் மூடாமல் கேட்டுவிட்டாள். இப்போது நான் போன் போட்டு, அவளை ஏற்றிப்போய், அவளும் அப்படியே திரும்பி வந்தால், அனுப்பினவள் யார், நான். போன் போடாமல் இருந்து நாளைக்குக் கதவை உடைத்தால், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் யார், அதுவும் நான். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் நிற்கிறேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி. அப்போது அவளுக்கு ஒரு வீம்பு வந்தது, சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்வோம் என்று. எதையும் கிள்ளிப் பார்க்காமல் வாங்கினவள் இல்லை ருக்குமணி, முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். வேலாத்தாளை நீளமாகப் பேச வைக்க வேண்டும். அனுசரணையாகக் கேட்டால் ‘ஒன்னுமில்ல’ என்பாள். எதற்கு அவள் நீளமாகப் பேசுவாள்? இந்த உலகத்தில் எதற்கு அவளால் பேசாமல் இருக்கவே முடியாது?

ருக்குமணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். அடுத்தவள் முறையில் அந்தப் படியில் அவள் கால் வைத்ததில்லை. பச்சைப் பட்டனுக்கு முன்னால் விரல் நின்றது. ஊர் பேசி வைத்தது, இதை அழுத்தினால் நான் திருடி, துரைசாமிக்குத் தலைகுனிவு. அழுத்தினாள். மோட்டார் உறுமியது, குழாய் கொஞ்சம் காற்றைத் துப்பிவிட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. வாய்க்காலுக்கு ஓடி, வேலாத்தாள் பக்கம் போகிற மடையை அடைத்து, தன் பக்கம் வெட்டிவிட்டாள், மண்வெட்டி கல்லில் பட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி. தண்ணீர் நுரைத்துக்கொண்டு கத்தரிப் பாத்திக்குள் புகுந்தது. அதுபாட்டுக்குக் காய்ந்த சருகையெல்லாம் தூக்கிக்கொண்டு குசியாகப் போனது, தண்ணீருக்கு என்ன தெரியும். இவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சன்னலையே பார்த்தாள். திட்டு, திட்டு, திட்டித் தொலை. என் பிறந்த வீட்டுச் சீரிலிருந்து ஆரம்பி, ஒன்றும் விடாதே. வாழ்நாளில் ஒரு வசவுக்கு அவள் இப்படிக் காத்திருந்ததில்லை.

சன்னல் திறந்தது. கம்பிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்தது.

“ஏ ஆடே.” அங்கே ஒரு நிறுத்தம். “எம் முறையில…” மறுபடி நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஏதோ ஓட்டைத் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். “எவடி… மோட்டாரு…”

ருக்குமணி கேட்டுக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்சம், ஆரம்பம்தானே, தொண்டை கட்டியிருக்கும், போகப்போகச் சரியாகும். போட்டு வைத்த பைக்கு மாதிரி, உதைத்தால் பிடித்துக்கொள்ளும். வாயைக் குவித்துக் கோழியைக் கூப்பிட்டாள். கோழி எங்கேயோ இருந்தது, அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. “ஏ கோழி, ஆளில்லாத முறைய ஆரு எடுத்தா என்ன? வவுத்தெரிச்சல் புடிச்சவீங்களுக்கு வாய்க்காத் தண்ணி எதுக்கு?” என்றாள். இவ்வளவுக்கும் சும்மா இருப்பவள் இல்லை வேலாத்தாள். அந்தக் கை கம்பியை இறுக்கியது. “நீ…” என்றாள். மூச்சு. “உன்ற…” மூச்சு. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. கை கம்பியிலிருந்து வழுக்கிக் கீழே போனது. சன்னல் திறந்தபடியே கிடந்தது. எங்கே மூச்சு விடுகிறாள் என்று ஒரு காலத்தில் வேலியோரம் நின்று தேடினாளே, இப்போது தேடவே வேண்டியிருக்கவில்லை.

ருக்குமணி பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். “நர்ஸம்மா, அக்காவுக்கு ரெண்டு வார்த்த சேந்தாப்புல வரமாட்டேங்குதுங்க. வண்டிய வரச் சொல்லுங்க. ஊதிக்கிட்டு வரவேண்டாம். ஊதிக்கிட்டு வந்தா கதவத் தொறக்கமாட்டாங்க.” பேசி முடித்தபோது துரைசாமி வந்து நின்றான். “ஏன்டி, அவீக முறையில மோட்டாரப் போட்டிருக்கற? நாளைக்கு ஊர்க்கூட்டத்துல நான் என்ன பதில் சொல்றது?” என்றான். “திருடீட்டேன்னு சொல்லுங்க” என்றாள் அவள், வேலிமேல் கண்ணை வைத்தபடி. அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

வண்டி சத்தமில்லாமல், இரண்டு பக்கமும் வேலி நிற்கிற இட்டேரிப் பாதையில் வந்தது. எஸ்தர் நர்ஸும் தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளை உடுப்பு மாட்டின இரண்டு பேரும் அந்தப் பக்கத்து வாசலில் நின்றார்கள். கதவைத் தட்டினார்கள். “அக்கா, கதவத் தொறங்க, காத்து வெச்சாச் சரியாயிரும்.” உள்ளேயிருந்து, “போங்க.” அதே ஒற்றை வார்த்தை. “உங்க தம்பி மாதிரியெல்லாம் ஆகாதுங்கக்கா, நானே கூட வர்றேன்.” “போங்க.” “கையெடுத்துக் கும்படறேன்கா.” நர்ஸ் வேலிப் பக்கம் திரும்பி, என்ன செய்வது என்கிற மாதிரி கையை விரித்தாள். ஒரு வெள்ளை உடுப்பு, கதவை உடைக்கலாமா என்று கேட்டது. உடைத்தால் அவள் கட்டிலடியில் போய் ஒண்டிக்கொள்வாள், இழுக்க இழுக்க உள்ள மூச்சும் போய்விடும். கெஞ்சினால் அவள் இளக மாட்டாள், பயமுறுத்தினால் அசைய மாட்டாள். பாசமாக ஒரு வார்த்தை, ‘அக்கா, வாங்கக்கா’ என்று நான் சொன்னால்? ருக்குமணி அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருசம் கழித்து நானே போய் அப்படிக் கூப்பிட்டால், ‘ஓகோ, நான் சாகப்போகிறேன் போலிருக்கிறது, இவளே இரக்கப்படுகிறாள்’ என்று நினைத்துக்கொண்டு அங்கேயே படுத்துவிடுவாள். வேண்டாம். அந்த வார்த்தையை விழுங்கினாள். வேறொன்று நாக்குக்கு வந்தது. அது வந்த வேகத்தில் அவளுக்கே திக்கென்றது, இவ்வளவு கொடியது எனக்குள் எங்கே கிடந்தது என்று. முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிளுவை வேலிக்கு வந்து நின்றாள். ஆட்டைக் கூப்பிடவில்லை, கோழியைக் கூப்பிடவில்லை.

“உடுங்க நர்ஸம்மா, எதுக்குக் கெஞ்சறீங்க? அவீக வராட்டி எனக்குத்தான் நல்லது. பொழுதுக்குள்ள போயிட்டாங்கன்னா ரெண்டு முறையும் எனக்கே. வேலியப் புடுங்கிப் போட்டு அந்தப் பந்தல் வரைக்கும் கத்தரி நட்டுப் போடுவேன்.”

துரைசாமி பின்னால், “அட பாவி” என்றான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி இவளுக்கு உள்ளே ஏதோ உருண்டது கேட்டது, ஒரு செம்போ தட்டோ. அப்புறம் செருப்பு, இடது கால் இழுபடுகிற செருப்பு. நின்றது. மறுபடியும் இழுபட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

வேலாத்தாள் வாசற்படியில் நின்றாள். தலைமுடி பிரிந்து தோளில் கிடந்தது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “நட்டுரு…வியா?” என்றாள். நர்ஸ் தாங்கப் போனாள், அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓர் அடி வைத்தாள். “நாஞ்… சாவேன்னு… பாத்தியாடி…” இன்னொரு அடி. அவள் நடந்தது வேலியைப் பார்த்து, ருக்குமணியைப் பார்த்து. பாதி வழியில் வெள்ளை உடுப்புக்காரர்கள் பக்குவமாகத் திருப்பினார்கள். திரும்பினது தெரியாமல் அவள் வண்டிப் பக்கம் நடந்தாள், கண் மட்டும் ருக்குமணியின்மேல். உட்கார வைத்தார்கள், விரலில் எதையோ மாட்டினார்கள், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற காற்று மூடியை வைத்தார்கள். அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, “வந்து… கேக்கறேன்” என்றாள்.

“வாங்க. வந்து கேளுங்க” என்றாள் ருக்குமணி. இருவருக்கும் நடுவில் ஆடும் இல்லாமல் கோழியும் இல்லாமல், இத்தனை வருசத்தில் நேருக்கு நேராகப் போன முதல் பேச்சு அது. அது இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

வேலாத்தாள் மோட்டார் ரூமைக் காட்டினாள். அந்த மூடிக்குள்ளேயே உதடு அசைந்தது, நிறுத்துடி என்று. துரைசாமி, “போதும் உடு, பாவம், நான் போயி நிறுத்தீட்டு வர்றேன்” என்று திரும்பினான். ருக்குமணி எட்டி அவன் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்குள் அந்தத் தலை, மோட்டார்ச் சத்தம் வருகிற பக்கம் திரும்பினபடியே, கோபத்தில் நிமிர்ந்தபடியே இருந்தது. சாயவில்லை. வண்டி நகர்ந்து, இட்டேரி முழுக்கப் போய், வளைவில் திரும்பி, அதன் சத்தம் முழுக்க அடங்குகிற வரைக்கும் ருக்குமணி மோட்டாரை நிறுத்தவில்லை.